மழைநாட்டாரின் நான்காம் கம்பி

பதுளையில் ஒரு மண்டபத்தின் முன்வரிசையில், கழுத்தில் போட்ட மாலையோடு அமர்ந்திருந்தபோது, மேடையில் ஒருத்தி என் மகளைப் பற்றிப் பேசக் கேட்டேன். மகள் என்று அவள் சொல்லவில்லை. தோட்டங்களில் நம் முன்னோர் காத்துவந்த இசை வழக்கம் என்றுதான் சொன்னாள். அது என் மகள்தான் என்பது அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி நான். மற்றவள், ஒலிவாங்கியின் முன் நின்றவள்; இளமை தொட்டு என்னை அக்கா என்று அழைத்துவருபவள்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலில் பதிகம் பாடுவது என் வழக்கம். அன்று அந்த மேடையில் பொய்க்குத் துணைநின்ற நாவை வைத்துக்கொண்டு திருமுன் நிற்கக் கூசுகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

இலங்கை மலையகத்தில், பசறைச் சந்தியில் பேருந்தை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியையாக இருந்தேன். ஒரே நீளக் கட்டடம், தடுப்புச் சுவர் கிடையாது. ஐந்து வகுப்புகள் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கும். கூரை தகரம். ஐப்பசியில் தொடங்கும் மழை தை பிறந்த பின்னும் எங்களை விடாது. மழை கூரையில் இறங்கியதும் பாடம் நின்றுவிடும். எவ்வளவு உரக்கச் சொன்னாலும் முதல் வரிசைக்கும் எட்டாது.

அங்கே கணக்கு ஆசிரியையாக வந்து சேர்ந்தாள், மேடையில் பேசிய அவள். பதுளைக் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவள், ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவள், என்னைவிட நான்கு வயது இளையவள். வந்த முதல் மழையில் ஒரு மணி நேரம் கத்திப் பார்த்துவிட்டுச் சுண்ணக்கட்டியை மேசையில் எறிந்தாள்.

“அக்கா, இப்படிக் கத்துறதுக்கு நான் மாடாப் பொறந்திருக்கலாம். புல்லாவது கெடைச்சிருக்கும்” என்று என் காதருகே வந்து சொன்னாள்.

சுண்ணக்கட்டியும் தேசப்படமும் வைப்பதற்குத் தொழிற்சாலையிலிருந்து கழித்துவிட்ட தேயிலைப் பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. மெல்லிய பலகை, ஓரங்களில் தகரம். ஒரு நாள் பொழுது போகாமல் அதன்மீது சைக்கிள் பிரேக் கம்பியின் இரண்டு இழைகளை இழுத்துக் கட்டிச் சுண்டினாள். மழையில் ஓசை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பெட்டியில் சாய்ந்திருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி துள்ளி எழுந்து ஏதோ கத்தினாள். அவள் வாயசைவைக் கண்டு அருகே போனோம்.

“டீச்சர், பெட்டி துடிக்குது!”

பிள்ளைகள் எல்லோரும் ஓடிவந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளில் கையை வைத்தார்கள். துடிப்பு அவர்களுக்கும் போயிற்று என்று சத்தியம் செய்தார்கள். அன்று கணக்கும் நடக்கவில்லை, தமிழும் நடக்கவில்லை.

இப்படி ஒரு வாத்தியத்தை வாசிப்பவர்கள் யாராக இருக்க முடியும் என்று பிள்ளைகளைக் கேட்டேன். அந்தக் கேள்வியிலிருந்துதான் மழைநாட்டார் பிறந்தார்கள். மழை ஓயாத நாடு அவர்களுடையது. அங்கே காதால் எதையும் கேட்க முடியாது. ஆகவே இசையைக் கையால் கேட்பார்கள். பாடுகிறவரின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள்.

“அப்ப துணி எப்படிக் காயும் டீச்சர்?”

“காயாது. ஈரத்தோடதான் கட்டுவாங்க.”

“மழைன்னா அவங்களுக்கு வேலை இல்லையா?”

அதற்கு ஒரு பையன் எழுந்து பதில் சொன்னான்: “போடா, எங்க அம்மா படங்குச் சாக்கைச் சுத்திக்கிட்டு மழையிலதான் கொழுந்து பறிக்குது. அவங்களுக்கு மட்டும் லீவா?”

விளையாட்டைக் கொண்டுவந்தவள் அவள். அதற்கு இலக்கணம் கட்டியவள் நான். பழந்தமிழ்ப் பண்களை வரிசை பிசகாமல் பாடம் செய்தவளுக்கு, முறையில்லாத இசையை விட்டுவைக்க மனம் வரவில்லை. இன்னும் இரண்டு கம்பிகள் சேர்த்து நான்காக்கினோம். பட்டுப்போன தேயிலை மரத்தின் வேர்க்கட்டையைச் சீவி முறுக்காணிகள் செய்தோம். சுருதிகள் மூன்று என்று விதித்தேன். தூறலுக்கு மணிக்கட்டுச் சுருதி; பெட்டியில் கையை வைத்தால் துடிப்பு மணிக்கட்டோடு நின்றுவிட வேண்டும். சாரலுக்கு முழங்கைச் சுருதி. கம்பிகளைக் கொஞ்சம் இறக்கினால் துடிப்பு முழங்கைவரை ஏறும். அடைமழைக்கு நெஞ்சுச் சுருதி. அது மிகத் தாழ்ந்தது. விலா எலும்பில் அதிர்வு தெரியும்வரை இறக்கிக்கொண்டே போகவேண்டும். மழைநாட்டாரில் எவரும் பிறர் சுருதியைப் பழிக்கக் கூடாது, ஏனென்றால் ஒருவர் கைக்கு எட்டியது இன்னொருவர் கைக்கு எட்டாது என்றும் ஒரு விதி எழுதினோம்.

இரண்டாவது வாத்தியம் தாம்பு. ஒரு கயிற்றின் இரு முனைகளை இருவர் பற்களில் கடித்து இழுத்துப் பிடிக்க, நடுவில் நிற்பவர் விரலால் சுண்டுவார். ஓசை இருவரின் தலைக்குள்ளும் போய் ஒலிக்கும். ஒருவர் சிரித்தால் வாத்தியம் கீழே விழுந்துவிடும். நானும் அவளும் அதைக் கடித்துக்கொண்டு பிள்ளைகள் முன் நின்ற நாள்களில், முதலில் சிரித்தது எப்போதும் அவள்தான்.

ஒரு மக்களையே படைத்துவிட்டோம் என்ற செருக்கு எனக்கு இருந்தது. படைத்தல் இறைவன் தொழில் என்பதை வெள்ளிதோறும் பாடுகிற வாய்தான் இது. அதை அப்போது நான் எண்ணவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பதினோரு நாள் இருந்தாள். பெயர் வைக்கும் நாள் வருமுன்பே போய்விட்டாள்.

எங்கள் தோட்டத்தில் ஒருவர் இறந்தால், மறுநாள் காலை, வேலைக்கு ஆட்களைப் பெயர் சொல்லி நிறுத்தும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அவர் பெயரையும் சேர்த்தே கூப்பிடுவார். செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவுப் புத்தகத்திலிருந்து பெயரை எடுப்பதற்கு மாதம் முடியவேண்டும். அதுவரை தினமும் அந்தப் பெயர் ஒலிக்கும். வேலைக்கு வந்து நிற்பவர்கள் ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு அடுத்த பெயர். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் விதித்ததில்லை. நின்றவர்களுக்குத் தானாகவே அப்படி நேர்ந்தது. என் தகப்பனாருக்கு அந்த மரியாதை கிடைத்தது. என் மகளுக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. அவளைக் கூப்பிடவும் ஆளில்லை, அவளுக்காக ஒரு மூச்சு நிற்கவும் ஆளில்லை.

ஆறு வாரம் கழித்துப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் வீடு சென்ற பிறகு, மழை விடட்டும் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம். நான் பெட்டியை அருகே இழுத்து நான்காம் கம்பியின் ஆணியைத் திருப்பித் தளர்த்தினேன். கம்பி பலகைமேல் சாய்ந்து படுத்தது.

அவள் பதறிவிட்டாள். “என்னக்கா செய்றீங்க? அறுத்துறாதீங்க.”

“அறுக்கல. மழைநாட்டுல ஒரு வீட்டுல சாவு விழுந்தா இப்படித்தான் செய்வாங்க. கம்பியைக் கழட்ட மாட்டாங்க, தளத்தி விட்டுருவாங்க. வாசிக்கிறப்ப விரல் அந்த இடத்துக்குப் போகும். ஒரு தட்டு சும்மா நிக்கும். அப்புறம் மேலே போகும்.”

“எத்தனை நாளைக்கு?”

“கம்பி தானா இத்துப்போய் விழுற வரைக்கும்.”

அவளுக்கு விளங்கியது. என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை.

“பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேணாம்” என்றேன்.

“சொல்லமாட்டேன். இது உங்களுக்கும் எனக்கும். சத்தியமா, அக்கா.”

என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. அவர் தொழிற்சாலையில் வேலை செய்தவர். துக்கத்தை வாய் திறந்து பேசத் தெரியாதவர். அவர் காலமாகும்வரை எங்களிடையே அந்தப் பேச்சு எழுந்ததில்லை. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி அறையில் வைத்தேன். அதன்பிறகு கோயிலில் பாடும்போது, ஒவ்வொரு பாட்டிலும் நான்காம் அடிக்கு முன் ஒரு தட்டு நிறுத்தி மேலே போகத் தொடங்கினேன். பண் கெடவில்லை, தாளமும் கெடவில்லை. உடன்பாடும் பெண்கள் அதை என் மூச்சு என்று எண்ணி அவர்களும் நிறுத்தினார்கள். நாளடைவில் அது எங்கள் கோயிலின் பாணி ஆயிற்று. இறைவனுக்கும் எனக்கும் சத்தியம் செய்தவளுக்கும் மட்டும் தெரிந்த பெயராக அந்த ஒரு தட்டு இத்தனை ஆண்டுகள் இருந்தது.

அவள் மாற்றலாகி நகரத்துக்குப் போனாள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பண்பாட்டுச் சங்கத்தில் சேர்ந்து பேச்சாளராகி நல்ல பெயரும் எடுத்தாள். போன ஆண்டு ஒரு நாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் வெலிமடைக் கரட்டும் லீக்ஸும் நிறைந்த காய்கறிப் பை.

“அக்கா, நம்ம பெட்டியை மேடை ஏத்தப் போறேன்.”

“எந்தப் பெட்டி?”

“நமக்கு என்ன பத்துப் பெட்டியா இருக்கு? மழைநாட்டுப் பெட்டிதான். பதுளையில விழா. நீங்க வந்து முன்னால உக்காந்தாப் போதும்.”

“என்னன்னு சொல்லி ஏத்துவ?”

“நம்ம பள்ளிக்கூடத்து வெளையாட்டுன்னுதான். வேற என்னன்னு சொல்ல?”

பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். சாமி அறைக்கு அழைத்துப் போனேன். முறுக்காணிகளையும் பலகையையும் கைப்பேசியில் படம் எடுத்தாள். நான்காம் கம்பியிடம் வந்ததும் நின்றாள்.

“இன்னும் விழலையாக்கா?”

“இல்லை.”

குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதையும் படம் எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்பினால் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

மண்டப வாசலில் ‘தோட்டத்து மூத்தோரின் மழையாழ்’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். மேடையில் பலாமரத்தில் கடைந்து மெருகு போட்ட புதிய பெட்டி ஒன்று பட்டுத் துணிமேல் வீற்றிருந்தது. நான்கு இளம்பெண்கள் அதைச் சூழ்ந்து அமர்ந்து வாசித்தார்கள். கையால் கேட்பதற்கென்று பிறந்த வாத்தியத்தின் ஓசையை ஒலிபெருக்கிகள் சுவரெல்லாம் அடித்தன. பெட்டியில் ஒருவரும் உள்ளங்கையை வைக்கவில்லை.

பிறகு அவள் பேசினாள். கடல் கடந்து காட்டுவழியே நடந்துவந்த நம் முன்னோர் இந்த மலையில் உண்டாக்கிய இசை என்றாள். மணிக்கட்டு, முழங்கை, நெஞ்சு என்று என் மூன்று சுருதிகளையும் ஒன்றொன்றாகச் சொன்னாள். கேட்டவர்கள் வியந்து தலையாட்டினார்கள். மறைந்துபோன ஒரு முதிய கொழுந்துக்காரி வாயிலாகத் தான் இதைத் திரட்டியதாகச் சொன்னாள். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. ஆனாலும் இதுவரை போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

அவள் கையை நீட்டி நான்காம் கம்பியைக் காட்டினாள்.

“இந்தக் கம்பி பழுதாகித் தளர்ந்ததல்ல. நடைவழியில் மடிந்து, அடையாளமின்றிப் புதைக்கப்பட்ட நம்மவர்களுக்காக, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கம்பியைத் தளர்த்தி வைத்தார்கள். விரல் அங்கே ஒரு தட்டு நிற்கும்.”

என் பக்கத்தில் வெலிமடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் அமர்ந்திருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். என் முழங்கையைத் தொட்டு, “எங்க அம்மா செத்தப்பவும் வீட்டுல ஏதோ கம்பியைத் தளத்துனாங்கம்மா. இத்தனை நாளா மறந்தே போச்சு. இப்பத்தான் ஞாபகம் வருது” என்றாள்.

அவள் வீட்டில் கம்பி இருந்திருக்காது. அவள் பொய் சொல்லவும் இல்லை. தன் தாய்க்கு யாரோ ஒரு மூச்சு நேரமாவது நின்றார்கள் என்று அவள் நம்ப வேண்டியிருந்தது. பெரட்டில் நிற்கும் அந்த மௌனம்தான் அவள் நினைவில் கம்பியாக மாறியிருக்க வேண்டும். அந்த ஈரக் கையை என் முழங்கையிலிருந்து என்னால் விலக்க முடியவில்லை.

அப்போது மேடையிலிருந்து என்னை அழைத்தார்கள். இந்த மரபைக் கண்ணால் கண்ட மூத்த ஆசிரியை என்று அறிவித்தார்கள். படியேறும்போது, உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் ஏறினேன். ஒலிவாங்கி கைக்கு வந்தது. கீழே அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வாயையே பார்த்திருந்தாள். நான் வாய் திறந்தால் அவள் தாய்க்கு அன்றுதான் கிடைத்த அந்த ஒரு தட்டும் பறிபோகும். திறக்காவிட்டால் என் மகள் பறிபோவாள்.

ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியிடம் போனேன். குனிந்து நான்காம் கம்பியின் ஆணியைப் பிடித்து முறுக்கினேன். புதிய ஆணி, கை வலித்தது. கம்பி எழும்பி மற்ற மூன்றோடும் சேரும்வரை முறுக்கினேன். இவளை இங்கே வைக்க மாட்டேன், வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்பதுதான் அதற்குப் பொருள். அந்தப் பொருள் ஒருத்திக்காவது விளங்கும் என்று நம்பினேன்.

அவளுக்கு விளங்கியது. அவள் முகம் வெளுத்ததைக் கண்டேன். அடுத்த கணமே ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டாள்.

“பாருங்கள்! துக்கம் முடிந்தது என்று குடும்பத்தில் மூத்தவர் வந்து கம்பியை முறுக்கித் தரும் சடங்கு இது. நமக்காக அம்மா செய்து காட்டியிருக்கிறார்!”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரே மூச்சில் ஒரு வழக்கத்தைக் கட்டி எழுப்பும் அந்த வித்தையை அவள் என்னிடம் கற்றிருந்தாள்.

பின்னறையில் தேநீரும் ரோல்ஸும் வைத்திருந்தார்கள். அவள் கதவைச் சாத்திவிட்டு என்னருகே வந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க.”

“சத்தியம் பண்ணினியே புள்ள.”

“பண்ணினேன். மறக்கல.” கோப்பையை வைத்தாள். “நமக்குன்னு ஒண்ணு வேணாமாக்கா? எங்க போனாலும், உங்களோடது என்ன, காட்டுங்கன்னு கேக்குறாங்க. நான் எதைக் காட்ட?”

“தப்புமேளம் இருக்கு. காமன் கூத்து இருக்கு. ஒப்பாரி இருக்கு. அதெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியலையா?”

“அதெல்லாம் இந்தியாவுல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. இந்த மண்ணுல பொறந்ததா ஒண்ணு காட்டச் சொல்றாங்க.”

“இந்த மண்ணுல பொறந்தது என் புள்ள” என்றேன். “பதினோரு நாள் இருந்துச்சு. அதைத்தான் நீ காட்டியிருக்க.”

அவள் கீழே பார்த்தபடி, “அவ்வளவு பேர் அழுதாங்களே, அக்கா. உங்க புள்ளைக்கு இத்தனை பேர் அழுதா நல்லதுதானே” என்றாள்.

அதை அவள் மனமார நம்பித்தான் சொன்னாள். அதுதான் எனக்கு மிகவும் கசந்தது. அவள் வஞ்சகி என்று ஒதுக்கிவிட முடிந்திருந்தால் நான் லேசாகியிருப்பேன். பேருந்து நிலையம்வரை கொண்டுவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று நடந்தே போனேன். மாலையைக் கழற்றக்கூட நினைவில்லை. பசறைப் பேருந்தில் ஏறியபோது நடத்துநர் “கல்யாணமாம்மா?” என்று கேட்டுச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. விழாவைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கோயிலில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். கைத்தாளம் போடும் பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“டீச்சரம்மா, நாம பாட்டுல ஒரு தட்டு நிறுத்துறோமே, அதுவும் மழையாழ் மொறைதானாங்க? இத்தனை வருஷமா எங்ககிட்ட சொல்லவே இல்லையே. பெரிய ஆளுங்க நீங்க!”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது பெருமை. திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இனி நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துதான் பாட எடுத்தேன். ஊருக்குச் சடங்காகிவிட்ட இடத்தில் என் மகளை விட்டுவைக்க எனக்குச் சம்மதமில்லை. முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. நான்காம் அடியை மூச்சு விடாமல் தொடர்ந்து எடுத்தேன். என் குரல் மட்டும் தனியே போயிற்று. ஆறு பெண்களும் வழக்கம்போல் அந்த இடத்தில் நின்றிருந்தார்கள். கைத்தாளம்கூட ஒலிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக என் குரலுக்குள் இருந்தபடியால் அந்த மௌனத்தை நான் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்; பெரட்டில் என் தகப்பனார் பெயருக்குப் பின் நின்ற அதே மூச்சு.

பாதிச் சொல்லில் நிறுத்தினேன். அவர்கள் வந்து சேரட்டும் என்று காத்திருந்து, அவர்களோடு சேர்ந்து நான்காம் அடியை மறுபடியும் எடுத்தேன்.